கொல்லைக் கொட்டகையில் ஒரு ளகரம்

கொட்டகை என்பதா கொட்டில் என்பதா என்று மாசிலாமணிக்கு இன்னும் முடிவாகவில்லை. மாடு கட்டினால் கொட்டில், நாடகம் நடத்தினால் கொட்டகை, தஞ்சாவூரில் யார் வாயைத் திறந்தாலும் கொட்டாய். இங்கே மாடும் இல்லை, நாடகமும் இல்லை. காளான் வளர்க்கிறவர்கள் இதைக் குடில் என்கிறார்கள், உள்ளே யாரோ முனிவர் கண்மூடி உட்கார்ந்திருப்பதுபோல. பெயரே முடிவாகாத ஒன்றை எப்படிக் கட்டி முடிப்பது என்று எண்ணிக்கொண்டே ஈரச் சாக்கின் ஒரு முனையை ஆணியில் மாட்டினார். மறுமுனையை மாட்டப் போகும்போது முதல் முனை கழன்று விழுந்தது. சுவரில் பூச்சு உதிர்ந்து எத்தனையோ காலமாகிவிட்டது, ஆணி வெறும் மணலைப் பிடித்துக்கொண்டு நின்றது. பிடித்துக்கொண்டு என்று சொல்வதே மிகை. பாடநூல் அச்சிடும் ஓர் அச்சகத்தில் ஓய்வு பெறும்வரை பிழை திருத்திய மனிதருக்கு மிகையைக் கண்டால் கை தானாகச் சிவப்புப் பேனாவைத் தேடும். இப்போது அந்தக் கையில் சுத்தியல் இருந்தது, அதன் தலை கழன்று ஆடியது. ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் தேங்காய் விழுந்து உடைத்த ஓட்டை வழியாகக் கார்த்திகை மாதத்து மதிய வெளிச்சம் ஒரு தோசை அளவுக்குத் தரையில் விழுந்து கிடந்தது. காளானுக்கு முதலில் இருட்டு வேண்டும். தோசையின்மேல் ஒரு சாக்கைப் போட்டார். அது சாக்கின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. உலகத்தில் எவனும் இதுவரை வெளிச்சத்தைக் கீழேயிருந்து மூடியதில்லை என்பது அதற்குப் பிறகுதான் அவருக்கு உறைத்தது. நல்லவேளை, யாரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டாள்.

பார்க்கக்கூடிய இடத்தில்தான் இருந்தாள். வீட்டின் கொல்லைக் கதவருகே, பிளாஸ்டிக் நாற்காலியில், இரு பக்கமும் தலையணை அண்டக் கொடுத்து, அவர் மனைவி தையல்நாயகி உட்காரவைக்கப்பட்டிருந்தாள். உட்கார்ந்திருந்தாள் என்று எழுதினால் பிழை. ஆடி மாதத்திலிருந்து அவளுக்கு எல்லாமே செயப்பாட்டுவினை. குளிப்பாட்டப்படுகிறாள், ஊட்டப்படுகிறாள், திருப்பிப் படுக்கவைக்கப்படுகிறாள். பக்கவாதம். வாழ்நாளெல்லாம் பக்கத்தில் நின்று வாதம் செய்தவளுக்கு வேறென்ன வரும் என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் சொன்னபோது அவளுடைய தம்பி அவரை ஏறிட்டுப் பார்த்துவிட்டு டீ வாங்கப் போனான், திரும்பி வரவில்லை. சிரிக்கவைக்கத்தான் சொன்னார். அவளே கேட்டிருந்தால் சிரித்திருப்பாள், சிரித்துவிட்டு, 'உங்க நாக்கைத்தான் முதல்ல இழுத்துக்கிட்டுப் போகணும்' என்றிருப்பாள். இழுத்துக்கொண்டது அவளுடையதை. வலது கை, வலது கால், பேச்சு. காது கேட்கிறது, புரிகிறதா என்பது நாளுக்கு ஒரு மாதிரி இருக்கிறது என்றார் டாக்டர். ஆவணியில் ஒருநாள் சாயங்காலம், இதே நாற்காலியில், இடது கையை மெல்லத் தூக்கிக் கொல்லைப் பக்கம் நீட்டி, அவள் ஒரு சொல் சொன்னாள். நோய் விழுந்த பிறகு சொன்ன ஒரே சொல், அதற்குப் பிறகும் வேறு சொல் வரவில்லை. காளான். அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது. சொல் வந்ததற்காக மட்டும் இல்லை. தையல்நாயகி மதுரைக்காரி. பழம் அவளுக்குப் பளம், மழை அவளுக்கு மளை, தமிழ் தமிள். ழகரம் வரவேண்டிய வீட்டிலெல்லாம் ளகரத்தைக் குடிவைத்துக் குடும்பம் நடத்தியவள். அப்படிப்பட்டவள் வாயிலிருந்து ளகரம் வரவேண்டிய இடத்திலேயே ளகரம் வந்தது, திருத்த ஒன்றுமில்லாமல். உயிர் இருக்கிறது, மொழி இருக்கிறது, எழுத்துப்பிழைகூட இல்லை என்று அவர் அன்றைக்கு அழுதார்.

என்ன சொல்கிறாள் என்பதிலும் சந்தேகம் வரவில்லை, வர இடமில்லை. நோய் வருவதற்கு முந்தின தையில் வேளாண்மைக்காரர்கள் நடத்திய பயிற்சிக்குப் போய்விட்டு வந்து, கொல்லைக் கொட்டாயைக் காலி செய்து கொடுங்கள், சிப்பிக்காளான் போடுகிறேன் என்று கேட்டவள் அவள்தான். "உங்க குப்பைக்கு ஒரு கொட்டாய், எனக்கு ஒரு அடுப்படி, நல்ல பாகப்பிரிவினைங்க இது" என்றாள். குப்பை என்றது அவர் அச்சகத்திலிருந்து சுமந்துவந்து சேர்த்த பிழைதிருத்திய தாள்கள். மூட்டை மூட்டையாக, மேலே உடைந்த சைக்கிள், அதன்மேல் அறுந்த நாடாக் கட்டில், எல்லாவற்றின்மேலும் கரையான். "காளான் என்பது நாய்க்குடை, நாய்க்குடையை நாய்கூடத் தின்னாது" என்று அவர் அப்போது சொன்னார், சொல்லிவிட்டு அந்த வாக்கியத்தின் அமைப்பை ரசித்தார். அது நினைவில் இருந்ததால்தான் ஆவணியில் அவள் கை நீண்டதும் அடுத்த நாளே கொட்டகைக் கதவின் பூட்டை உடைத்தார், சாவி எப்போதோ தொலைந்திருந்தது. சைக்கிளும் கட்டிலும் ஒரே நாளில் பழைய இரும்புக்குப் போய்விட்டன. தாள்களைப் போட முடியவில்லை. போடுவதற்கு முன் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று எடுத்தது, ஒவ்வொரு தாளாக, ஏழாம் வகுப்பு அறிவியலில் அவர் தப்பவிட்ட ஒற்றெழுத்து ஒன்றைக் கண்டு ஒரு சாயங்காலம் முழுக்க மனம் கசந்து உட்கார்ந்திருந்ததும் சேர்த்து, புரட்டாசி அதிலேயே போயிற்று. ஐப்பசியில் சுண்ணாம்பு அடித்தார், ஜன்னலுக்கு வலை கட்டினார், தரையில் மணல் பரப்பினார், முதல் தடவை பைகளைக் கட்டித் தொங்கவிட்டார். வெள்ளையாகப் பூக்க வேண்டிய வைக்கோல் பச்சையாகப் பூத்தது. அது வேறு பூஞ்சை, காளானைத் தின்னும் பூஞ்சை. அத்தனை பைகளையும் தெருக்கோடியில் கொண்டுபோய்ப் புதைத்தார். வைக்கோலைச் சரியாக வேகவிடவில்லை என்று பயிற்சிக்காரர் போனில் சொன்னார். வேகவைப்பது என்பதா அவிப்பது என்பதா என்று அவர் கேட்டதற்குப் போனை வைத்துவிட்டார்.

இன்றைக்கு நன்றாக வெந்திருந்தது. கைப்பிடி வைக்கோலை எடுத்துப் பிழிந்தால் தண்ணீர் சொட்டக்கூடாது, உள்ளங்கை மட்டும் ஈரமாக வேண்டும். அதுதான் பதம். பதம் என்றால் சொல் என்றும் பொருள், சோறு வெந்த நிலை என்றும் பொருள், தமிழில் சமையற்கட்டும் இலக்கணமும் ஒரே அடுப்பு. பையில் ஒரு அடுக்கு வைக்கோல், அதன்மேல் ஓரம் சுற்றி ஒரு பிடி விதை, மறுபடி வைக்கோல். விதை என்பதும் பிழைதான், காளானுக்கு விதை ஏது. வேகவைத்த சோளத்தில் பூஞ்சையைப் படரவிட்டுப் புட்டியில் அடைத்து விற்கிறார்கள், அதைத்தான் விதை என்கிறார்கள், சோளத்துக்கு இது தெரியாது. பையின் வாயைச் சுருக்கிப் பிடித்தார். கட்டுவதற்கு மூன்றாவது கை வேண்டியிருந்தது. சணலைப் பல்லுக்கிடையே கவ்விக்கொண்டு இரண்டு கையாலும் முடிச்சுக்குப் போராடிக்கொண்டிருக்கும்போது கொட்டகை வாசலில் நிழல் விழுந்தது. சகாயமேரி. காலையில் வந்து தையல்நாயகியைக் குளிப்பாட்டி, சாயங்காலம் இருட்டுவதற்குள் வீட்டுக்குப் போகிறவள்.

"என்ன சார், வாயால கட்டுறீங்க? பல்லு செட்டு கையோட வந்துரப் போவுது."

சணலை விடாமல் அவர் பதில் சொன்னார். "காலான்."

"யாரு, காலனா?" என்று அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தாள். "அவனையா சார் மூட்டை கட்டுறீங்க? நல்லா இறுக்கிக் கட்டுங்க. கட்டி எங்க மாமியா வீட்டுப் பக்கம் கொண்டுபோய் அவுத்து விடுங்க." சிரித்துக்கொண்டே திரும்பினாள். "அம்மாவுக்கு முகம் தொடைச்சு விட்டுட்டேன், நான் கிளம்புறேன். சின்னவனுக்குக் காய்ச்சல். கஞ்சிக்கு நொய்யி ஊறப் போட்டிருக்கேன், நீங்க வச்சுருங்க."

அவள் போய்விட்டாள், சணல் வாயிலிருந்து விழுந்தது. பையின் வாய் தானாக அவிழ்ந்து வைக்கோல் அவர் கால்மேல் சரிந்தது, அவர் அதை எடுக்கவில்லை. காலான். நான் காளான் என்றுதான் சொன்னேன். சணல் குறுக்கே கிடந்ததால் நாக்கு மடியவில்லை. ளகரத்துக்கு நாக்கு நுனி மேலே போய் மடிந்து அண்ணத்தைத் தொட வேண்டும். மடியாவிட்டால் பல்லின் அடியில் முட்டி லகரம் ஆகிவிடும். அவர் வாயைத் திறந்து வெறுமனே சொல்லிப் பார்த்தார், ள, ல, ள, ல, இருட்டுக் கொட்டகையில் ஒரு கிழவன் நாக்கை மடித்தும் நீட்டியும். ஆஸ்பத்திரியில் டாக்டர் தையல்நாயகியை நாக்கை நீட்டச் சொன்னார். அது வலதுபக்கமாகச் சரிந்து ஈரத் துணி மாதிரி கீழுதட்டில் கிடந்தது. மேலே தூக்குங்கம்மா என்றார். தூக்கவில்லை, இன்றுவரை தூக்கவில்லை. கஞ்சி ஊட்டும்போது ஒவ்வொரு வேளையும் அதைப் பார்க்கிறார். மடியாத நாக்கு. மடியாத நாக்கில் ளகரம் எப்படி வந்தது. அவர் நின்ற இடத்திலேயே மணலில் உட்கார்ந்துவிட்டார். வரவில்லை. வந்தது லகரம். ளகரத்தைப் போட்டது காது. பிழை திருத்துகிறவன் செய்யவே கூடாத பிழை அது ஒன்றுதான், தாளில் இருப்பதை விட்டுவிட்டு இருக்கவேண்டியதை வாசிப்பது. புதிதாக வேலைக்குச் சேர்கிற பையன்களுக்கு முதல் நாளே சொல்வார், கண்ணை நம்பாதே, கண் படித்தவன்போல நடிக்கும் என்று. காதைப் பற்றி யாரும் சொல்லித்தரவில்லை. அப்படியானால் ஈற்று னகரமும் சந்தேகம்தான். அவள் வாயில் முடிந்தது என்ன, மூச்சா, எழுத்தா? காலா, அதற்குப் பிறகு ஏதோ ஒன்று. காலா என்று தொடங்கும் சொற்கள் எத்தனை. மனம் அது பாட்டுக்கு அகராதியைப் பிரித்துவிட்டது, நிறுத்த அவரால் முடியவில்லை, விரல் பத்தியின்மேல் இறங்குவதுபோல இறங்கியது. காலாட்படை. காலாடி. இதெல்லாம் அவள் சொல்லக்கூடியதல்ல. காலாவதி. நின்றார். மருந்து வாங்கினால் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து அவள் சொல்கிற சொல், தன்னைத்தான் சொல்லிக்கொண்டாளோ. ஆனால் கை ஏன் கொல்லைப் பக்கம் நீண்டது. அடுத்தது காலாள். அதற்கு அடுத்தது காலாற.

காலாற. அகரவரிசை எவ்வளவு நேர்மையானது, ளகரத்தைத் தாண்டியதும் றகரம், தேடுகிறவனை ஏமாற்றாமல் கொண்டுபோய் நிறுத்திவிடும். "காலாற ஒரு நடை நடந்துட்டு வந்துர்றேங்க." சாயங்காலம் பாத்திரம் கழுவிக் கவிழ்த்ததும் தினமும் சொல்கிற வாக்கியம். தினமும் கேட்டதால் அது அவருக்குக் கேட்டதே இல்லை, கடிகாரம் அடிப்பதுபோல. கொல்லைக் கதவிலிருந்து நேரே கோடிச்சுவர் நார்த்தை மரம் வரைக்கும் போவாள், மரத்தைத் தொட்டுவிட்டுத் திரும்புவாள், மறுபடி போவாள். தெருவில் நடக்கலாமே என்றால், தெருவில் நடந்தால் எங்க போறீங்கம்மா என்று கேட்கிறார்கள், இங்கே எங்கேயும் போகாமல் நடக்கலாம் என்பாள். உள்ளேயிருந்து அவர் காபி என்று குரல் கொடுப்பார். இன்னும் ரெண்டு நடை என்று பதில் வரும். அந்தப் பாதைக்குப் பக்கவாட்டில்தான் கொட்டகை. அவள் நீட்டிய விரலுக்கும் கொட்டகைக்கும் நடுவில் பாதை இருந்தது, அவர் பாதையைத் தாண்டிப் பார்த்துவிட்டார். இப்போது அந்தப் பாதையில் என்ன இருக்கிறது என்று பார்க்க எழுந்து வாசலுக்கு வர வேண்டியதில்லை, அவர் போட்டதுதான். வைக்கோல் கட்டு, மணல் குவியல், அவிக்கிற இரும்பு டிரம், அதன் அடியில் கரி. பிசியோதெரபிக்கு வந்துகொண்டிருந்த பெண் ஆவணியிலேயே சொன்னாள், "இப்பத்தான் சார் பிடிச்சு நடக்க வைக்கணும், ரெண்டு பக்கமும் ஆள் நின்னா அம்மா எட்டு வைப்பாங்க, விட்டுட்டா முட்டி இறுகிடும்" என்று. இவர், கொட்டகை முடியட்டும், உள்ளே வெள்ளை வெள்ளையாகப் பூத்து நிற்பதைப் பார்த்தால் அவளே எழுந்து வருவாள் பாருங்கள் என்றார். ஒரு பக்கத்துக்குச் சகாயமேரி நின்றாள். மறுபக்கத்தில் நிற்க வேண்டிய ஆள் ஏழாம் வகுப்பு அறிவியலில் ஒற்றெழுத்தைத் தேடிக்கொண்டிருந்தார். ஐப்பசி மழையில் அந்தப் பெண் கடைசியாக வந்தபோது முட்டியை நீட்டப் பார்த்தாள், தையல்நாயகியின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது, முட்டி நீளவில்லை. "இனிமே படுக்கைப்புண் வராம பாத்துக்குங்க சார், அது போதும்" என்றாள். அது போதும் என்பதில் எத்தனை போதாமை என்று அவர் அப்போதும் சொல்லைத்தான் கவனித்தார்.

இல்லை. அவசரப்படக்கூடாது. ஒரு பாடம் தவறு என்று அடிப்பதற்கு முன்னால் எதிர்ப்பாடம் சரிதானா என்று பார்க்க வேண்டும். காளான் போட ஆசைப்பட்டது உண்மை, பயிற்சிக்குப் போனது உண்மை, குப்பைக்கு ஒரு கொட்டாய் என்றது உண்மை. மடியாத நாக்கு ஒரேயொரு தடவை மடிந்திருக்கலாம், நோய் இலக்கணம் பார்த்தா வருகிறது. இரண்டு பாடமும் இருக்கட்டும் என்று விட்டுவிடுவதும் ஒரு நேர்மைதான், அடிக்குறிப்பில் பாடபேதம் என்று போட்டுவிட்டால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். அறிஞர்கள் அப்படித்தான் காலம் தள்ளுகிறார்கள். ஆனால் அறிஞர்களுக்கு ஏட்டை எழுதியவன் செத்துப்போயிருப்பான். இங்கே எழுதியவள் எட்டிப் பிடிக்கிற தூரத்தில் நாற்காலியில் உட்காரவைக்கப்பட்டிருக்கிறாள். கேட்டால் என்ன? இந்த மூன்று மாதத்தில் அவர் அவளிடம் எவ்வளவோ சொல்லியிருக்கிறார், இன்றைக்குச் சாக்கு மாட்டினேன், விதை வந்துவிட்டது, உன் குடில் இன்னும் பத்து நாளில் பார் என்று. கேட்டதில்லை. கேட்டு அவள் காளான் என்பதற்குக் கண்ணை மூடித் திறந்தால், நல்லது, இந்தப் பைகளைக் கட்டலாம். காலாற என்பதற்குக் கண்ணை மூடித் திறந்தால்? முட்டியை என்ன செய்வது? டிரம்மை உருட்டிவிடலாம், மணலை அள்ளிவிடலாம், வைக்கோலை யாராவது மாட்டுக்காரர் எடுத்துப் போவார், பாதை ஒரு நாளில் பாதையாகிவிடும். முட்டி? தெரிந்துகொண்டு என்ன ஆகப்போகிறது என்று ஒரு குரல் கேட்டது. அதுவும் அவர் குரல்தான், இலக்கணச் சுத்தமாக இருந்தது. அவர் எழுந்தார். மணல் வேட்டியில் ஒட்டியிருந்தது, தட்டவில்லை.

வெளியே வெளிச்சம் மஞ்சளடித்திருந்தது. டிரம்மைச் சுற்றி, வைக்கோலைச் சுற்றி, மணல்மேல் ஏறி இறங்கித்தான் அவள் இருக்கும் இடத்துக்கு வர முடிந்தது. அவ்வளவு கிட்டத்தில் அவ்வளவு தூரம். அவள் எதையும் பார்க்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். ஈ ஒன்று அவள் வலது கையின்மேல் நடந்து போயிற்று, அவள் விரட்டவில்லை, அவர் விரட்டினார். நாற்காலிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து முகத்துக்கு நேரே முகம் வைத்தார். இவ்வளவு கிட்டத்தில் அவளைப் பார்த்தே வெகுநாளாயிற்று, ஊட்டும்போதெல்லாம் நாக்கைத்தான் பார்த்திருக்கிறார். இடது புருவத்தில் ஒரு முடி நரைத்து நீளமாக வளைந்திருந்தது.

"தையல்" என்றார். "இங்க பாரு. ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு நீ சொன்னியே, கையக் காட்டி." ஒவ்வொரு எழுத்தாக, குழந்தைக்குச் சொல்வதுபோல இல்லாமல், மூலத்தை ஒப்பிட்டு வாசிக்கிறவன் உதவியாளனுக்கு வாசித்துக்காட்டுவதுபோல, வாயை நன்றாகத் திறந்து சொன்னார். "காளானா?" நிறுத்தினார். அவள் கண் அவர் வாய்க்கு வந்தது. "இல்ல, காலாறவா? காலாற நடக்கணும்னியா?"

அவள் கண் அவர் வாயிலிருந்து நகரவில்லை. புருவம் சேர்ந்தது. ஏதோ உள்ளே திரண்டு வருவது அவருக்குத் தெரிந்தது, ஆவணியில் பார்த்த அதே முயற்சி, தொண்டை அசைந்தது, உதட்டின் இடது பக்கம் முதலில் விலகியது, பிறகு வலதையும் இழுத்துக்கொண்டு விலகியது. அவர் மூச்சை நிறுத்திக் காதை இன்னும் கிட்டக் கொண்டுபோனார். ல என்றாலும் சரி, ள என்றாலும் சரி, இந்தத் தடவை இருப்பதை மட்டும் கேட்பேன். அவள் வாய் முழுதாகத் திறந்தது. திறந்தபடியே நின்றது.

"ஆ" என்றாள்.

அவர் காத்திருந்தார். அதற்குப் பின்னால் ஒன்றும் வரவில்லை. வாய் மூடவில்லை. நாக்கு வலதுபக்கம் சரிந்து, கன்னத்தை ஒட்டி, இடம் விட்டுக் காத்திருந்தது. அவள் கண் இப்போது அவர் வாயில் இல்லை, அவர் கையில் இருந்தது. முகத்துக்கு நேரே குந்தி உட்கார்ந்து, வாயை அகலத் திறந்து திறந்து காட்டுகிறவர் கையில் கரண்டி இருக்கும் என்று அவள் நினைத்திருக்கிறாள். ஒவ்வொரு வேளையும் அவர் இப்படித்தான் உட்காருவார், இப்படித்தான் வாயைத் திறந்து காட்டுவார்.

ஆ என்பது ஓரெழுத்து ஒருமொழி, பசு என்று பொருள். அவர் அதைப் பசி என்று படித்தார். இதையாவது சரியாகப் படித்திருக்கிறோமா என்று கேட்டுச் சொல்ல யாரும் இல்லை. "இரு, வச்சு எடுத்தாறேன்" என்று சொல்லிவிட்டு, முட்டியில் கை ஊன்றி எழுந்து, நொய் ஊறுகிற பாத்திரத்தைத் தேடி உள்ளே போனார். அவள் வாய் அவர் போன திசையில் திறந்தே இருந்தது.